ஊசியை ஒளித்தது யார்?



  

இந்த மாதம் உங்களோடு பரலோகத்தைப் பற்றியோ கடைசி காலத்தைப் பற்றியோ பேச எனக்கு ஏவுதல் இல்லை. திங்கட்கிழமையைப் பற்றிப் பேசத்தான் ஆவியானவர் என்னை நெருக்குகிறார். நம் சபையில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். சிலர் டெய்லர்கள், சிலர் செக்கிங், சிலர் கட்டிங் மாஸ்டர்கள். நாலைந்து பேர் சொந்தமாகப் பவர் டேபிள் போட்டு ஆட்களை வைத்து வேலை வாங்குகிறீர்கள். நானும் வாரத்தில் ஆறு நாள் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், ஏழாம் நாள் உங்களுக்கு ஊழியக்காரன். அதனால் இதைக் கேள்விப்பட்டவனாக அல்ல, குற்றவாளியாகவே எழுதுகிறேன். தயவுசெய்து பொறுமையோடு வாசியுங்கள்.

பயிற்சி வகுப்பில் வந்த கேள்வி

சமீபத்தில் எங்களைப் போன்ற சூப்பர்வைசர்களை உட்காரவைத்து ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு சார், திரையில் படம் காட்டி விளக்கினார். அமெரிக்காவில் கேலப் என்று ஒரு நிறுவனம் வருஷாவருஷம் உலகம் முழுக்க வேலைக்காரர்களிடம் விசாரித்துக் கணக்கு எடுக்கிறதாம். அந்தக் கணக்கின்படி 2024-ஆம் ஆண்டில் 100 பேரில் 21 பேர்தான் மனசு ஒட்டி வேலை செய்தார்களாம். மற்றவர்கள் வருகிறார்கள், மணி பார்க்கிறார்கள், போகிறார்கள். அதைச் சொல்லிவிட்டு அவர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "உங்க லைன்ல உள்ளவங்க கை உங்ககிட்ட இருக்கு, சரி. மனசு யார்கிட்ட இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. சில வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு காரியத்தைக் கர்த்தர் எனக்கு நினைப்பூட்டினார். இதுவரை சபையில் அதை நான் சாட்சியாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கம். இன்றைக்குச் சொல்லுகிறேன்.

ஒரு ஊசி முனை

அப்போது குழந்தைகள் பனியன் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் துணி என்றால் உங்களுக்கே தெரியும், ஊசி விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பு! தைக்கும்போது ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டு எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். அதை ரிஜிஸ்டரில் ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஏனென்றால் ஒரு சின்ன முனை தையலுக்குள் மாட்டிக்கொண்டால், அது எங்கோ தூரதேசத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் உடம்பில் குத்தும்.

என் லைனில் ஓவர்லாக் ஓட்டுகிற ஒரு தங்கச்சி இருந்தாள். தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்த பிள்ளை. ஒருநாள் டார்கெட் பின்தங்கிக் கிடந்தது. மேலே இருந்து எனக்கு நெருக்கடி. அந்த நேரம் பார்த்து அவள் உடைந்த ஊசியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணே, ஊசி உடைஞ்சிருச்சு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கொண்டுவந்து சொன்னதற்காக அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாற்பது பேர் பார்க்க, "ஊசி உடைக்கத்தான் உனக்குச் சம்பளமா? காசு யாரு உங்கப்பன் குடுப்பானா?" என்று கத்தினேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். லைன் கப்சிப் என்று ஆனது. நான் அந்த அமைதியைப் பார்த்து, 'பரவாயில்லை, எல்லாருக்கும் பயம் இருக்கிறது' என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

பத்து நாள் கழித்து, பேக்கிங்குக்கு முன் துணிகளை மெட்டல் டிடெக்டரில் விட்டபோது ஒரு பீஸுக்கு மிஷின் கத்திற்று. பிரித்துப் பார்த்தால் கைப்பகுதித் தையலுக்குள் ஒரு ஊசி முனை. அவ்வளவுதான், கட்டிவைத்த பெட்டிகளையெல்லாம் உடைத்து, ஒவ்வொரு பீஸாக மறுபடியும் மிஷினில் விட்டோம். விடியும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பண்டல் நம்பரைப் பார்த்தபோது அது அந்தத் தங்கச்சி தைத்தது. ஆனால் ரிஜிஸ்டரில் அவள் பேரில் அந்த நாளில் ஊசி உடைந்ததாக எழுதவே இல்லை.

மேனேஜர் ரூமில் கூப்பிட்டு விசாரித்தபோது அழுதுகொண்டே சொன்னாள். ஊசி மறுபடி உடைந்திருக்கிறது. என்னிடம் வர அவளுக்குத் தைரியம் வரவில்லை. முன்னதாகவே வெளியே கடையில் தன் சொந்தக் காசில் இரண்டு ஊசி வாங்கிப் பையில் வைத்திருக்கிறாள். யாருக்கும் தெரியாமல் தானே மாற்றிப்போட்டுத் தைத்துவிட்டாள். முனை எங்கே போனது என்று தேடினாளாம். கிடைக்கவில்லை.

"ஏம்மா சொல்லல?" என்று மேனேஜர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "பயமா இருந்துச்சு சார்" என்றாள். யாருக்குப் பயம் என்று அவள் சொல்லவில்லை.

மேனேஜர் என்னிடம் திரும்பி, "ரூல் எல்லாம் சொல்லித்தானே வச்சிருக்கீங்க?" என்றார். "சொல்லியிருக்கேன் சார்" என்றேன். பிரியமானவர்களே, நான் சொன்னது பொய் இல்லை. ரூல் சொல்லித்தான் இருந்தேன். ஆனால் அது உண்மையும் இல்லை. அவள் ஊசியை ஒளித்தாள், நான் என்னையே ஒளித்துக்கொண்டேன். அன்று மத்தியானமே அவளுடைய கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் ஞாயிறு ஆராதனைக்கு நான் எடுத்த பகுதி எது தெரியுமா? அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரம், அனனியாவும் சப்பீராளும். பொய் சொல்லுகிறவர்களை ஒரு பிடி பிடிக்கலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். சனிக்கிழமை ராத்திரி குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது நடந்ததையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "ஏங்க, அந்தப் புள்ள சொந்தக் காசுல ஊசி வாங்குற அளவுக்கு யாருக்குப் பயந்துச்சு?"

என் பேனா நின்றது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

பொய்யைப் பெற்றது யார்?

இதுதான் நான் இன்று உங்கள் முன் வைக்கிற கேள்வி. ஒருவன் பயத்தினால் பொய் சொன்னால் பாவம் யாருடையது? சொன்னவனுடையதா, சொல்லவைத்தவனுடையதா?

வேதத்தின்படி அவனவன் தன் கணக்கைத் தானே ஒப்புவிக்க வேண்டும். ஆகவே அந்தத் தங்கச்சி செய்தது தவறில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குழந்தையின் உயிர் அதில் இருந்தது. ஆனால் கணக்குப் புஸ்தகத்தில் ஒரே ஒரு பெயர்தான் எழுதப்படும் என்று யார் சொன்னது? சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவனுக்கு என்ன நேரிடும் என்று ஆண்டவர் எவ்வளவு கடுமையாகப் பேசினார் (மத்தேயு 18:6)! உண்மை சொன்னால் அவமானம், மறைத்தால் பிழைப்பு என்று ஒரு இடத்தை நான் உண்டாக்கிவைத்தால், அங்கே சொல்லப்படுகிற ஒவ்வொரு பொய்யிலும் எனக்குப் பங்கு உண்டு. அவள் மிஷினில் உட்கார்ந்து ஊசியை மாற்றினாள். ஆனால் அந்த ஊசியை வாங்க அவளைக் கடைக்கு அனுப்பினது என் வாய்.

நாம் வேலைக்காரரைப் பற்றிப் பேசும்போது எபேசியர் 6-ஆம் அதிகாரத்தில் 5 முதல் 8 வரை சத்தமாக வாசிப்போம். கீழ்ப்படிய வேண்டும், கண்ணுக்கு முன் மட்டும் வேலை செய்யக் கூடாது என்று. 9-ஆம் வசனம் வந்தவுடன் நம் குரல் குறைந்துவிடும்! எஜமான்கள் மிரட்டுகிறதை விட்டுவிட வேண்டும், அவர்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், அவரிடத்தில் முகம் பார்க்கிறது கிடையாது என்று அங்கே பவுல் எழுதுகிறார். அடிக்கக் கூடாது என்று மட்டும் அல்ல, மிரட்டவே கூடாது என்கிறார். மிரட்டலினால் கிடைப்பதே கண்ணுக்கு முன்னான ஊழியம்தான். 9-ஆம் வசனத்தை மீறுகிறவன் 6-ஆம் வசனத்தைப் பற்றிப் புகார் சொல்ல அவனுக்கு என்ன நியாயம்?

நாகமானின் வீடு

2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தை நாம் எத்தனை தரம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! சுகமாகும் அற்புதத்தைப் பார்த்தோம். அந்த வீட்டைப் பார்த்தோமா?

நாகமான் பெரிய சேனாபதி. அவன் வீட்டில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சின்னப் பெண் வேலை செய்தாள். எஜமானுடைய வியாதி தீர வழி இருக்கிறது என்று அவள் தன் நாச்சியாரிடம் வாய் திறந்து சொன்னாள். ஊரையும் பெற்றோரையும் இழந்து வந்த பிள்ளை அவள். 'எனக்கென்ன' என்று இருந்திருக்கலாம். சொன்னாள். பிறகு எலிசாவின் வாசலில் நாகமானுக்குக் கோபம் வந்து, தன் ஊர் நதிகளைப் பெருமை பேசித் திரும்பிப் போகிறான். அப்போது அவனுடைய ஊழியக்காரர் கிட்டச் சேர்ந்து, தகப்பனே என்று அவனைக் கூப்பிட்டு, தீர்க்கதரிசி பெரிய காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இது சின்னக் காரியம்தானே என்று நியாயம் சொல்லுகிறார்கள்.

கவனியுங்கள். சேனாபதி கோபத்தில் இருக்கிறான். அந்த நேரத்தில் வேலைக்காரர் கிட்டப் போகிறார்கள்! என் கோபத்தின்போது என் லைனில் ஒருத்தராவது கிட்ட வருவார்களா? அவர்கள் 'தகப்பனே' என்றார்கள். ஒருநாளில் வருகிற வார்த்தையா அது? அந்த வீட்டில் வாய் திறந்தால் தண்டனை என்று இருந்திருந்தால், அந்தச் சின்னப் பெண் பேசியிருக்க மாட்டாள், இந்த ஊழியக்காரரும் பேசியிருக்க மாட்டார்கள். நாகமான் குஷ்டரோகியாகவே செத்திருப்பான். யோர்தானில் அவனை முழுகவைத்தது அவனுக்குக் கீழே இருந்தவர்களின் தைரியம். அந்தத் தைரியத்தை அவர்களுக்குக் கொடுத்தது அவனுடைய வீடு.

உலகத்தாரும் இதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள். ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் வேலைக்காரன் தலைக்குமேல் ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்ததாம். தப்பு ஏதாவது தெரிந்தால் அவன் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவன் ஓடி வருவான். சரிசெய்ய முடியாவிட்டால் முழு லைனும் நிற்கும். இழுத்ததற்காக அவனைத் திட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். நாகமான் வீட்டில் அந்தக் கயிறு இருந்தது. என் லைனில் அந்தக் கயிற்றை நானே அறுத்துப்போட்டேன்.

வயலுக்கு வந்த எஜமான்

ரூத் 2-ஆம் அதிகாரத்தில் இன்னொரு எஜமான். போவாஸ் பெத்லெகேமிலிருந்து அறுப்பு வயலுக்கு வருகிறார். வந்தவுடன் எத்தனை கட்டு ஆயிற்று என்று கேட்கவில்லை. கர்த்தருடைய நாமத்தைச் சொல்லி அறுக்கிறவர்களை வாழ்த்துகிறார். அவர்களும் அவரை ஆசீர்வதிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கங்காணியிடம் பேச்சு. அந்தப் பேச்சும் கதிரைப் பற்றி அல்ல, ஓரத்தில் நிற்கிற ஒரு பெண் யார் என்பதைப் பற்றி. கங்காணிக்கு உடனே பதில் தெரிகிறது: மோவாபிய பெண், நகோமியோடு வந்தவள், காலையிலிருந்து நிற்கிறாள். எஜமான் மனுஷரைக் கவனிக்கிறவராக இருந்தால் கங்காணியும் கவனிப்பான். எஜமான் கட்டை மட்டும் எண்ணினால் கங்காணியும் கட்டைத்தான் எண்ணுவான்.

வாலிபர் யாரும் அவளைத் தொடக் கூடாது என்று கட்டளையிடுகிறார். வாலிபர் மொண்ட தண்ணீரைக் குடிக்கச் சொல்லுகிறார். சாப்பாட்டு வேளையில் கிட்ட உட்காரவைத்துத் தன் கையால் வறுத்த கோதுமை கொடுக்கிறார். வேண்டுமென்றே கதிர்களைச் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதேயுங்கள் என்று சொல்லிவைக்கிறார். வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரே, இந்த நாலு காரியத்தையும் எண்ணிப் பாருங்கள்: கைபடாத பாதுகாப்பு, குடிக்கத் தண்ணீர், உட்கார்ந்து சாப்பிட நேரம், அதட்டல் இல்லாத வாய். இன்றைக்கும் கம்பெனிகளில் நம் பிள்ளைகள் தேடுகிறது இதே நாலுதான்.

லாபத்துக்காக அன்பா?

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அன்று பயிற்சி கொடுத்த சார் முடிவில் சொன்னார்: "அன்பா நடத்துங்க, புரொடக்ஷன் ஏறும்." அது நடக்கலாம். ஆனால் என் ஆவி அதில் அமரவில்லை.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு என்ற கார் முதலாளி இருந்தார். டெட்ராய்ட் பக்கத்தில் ஹைலண்ட் பார்க் என்ற இடத்தில் அவருடைய தொழிற்சாலை. ஒரே வேலையை நாள் முழுதும் செய்து அலுத்துப்போய் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். 1913-ல் சுமார் 14,000 பேர் வேலையில் நிலையாக இருக்க, அந்த ஒரே வருஷத்தில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1914 ஜனவரியில் அவர் ஒரு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். முன்பு இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார். ஓடுகிறவர்கள் நின்றார்கள். நல்லதுதான். கூலியைச் சரியாகக் கொடுக்காமல் அன்பைப் பற்றிப் பேசுகிறவன் வேஷக்காரன். அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்லுகிறதே! ஆனால் அந்த 5 டாலர் முழுவதும் வேண்டும் என்றால், கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து, குடிக்கிறாயா, மிச்சம் பிடிக்கிறாயா, வீடு சுத்தமா என்று விசாரித்து ஒப்புக்கொள்ள வேண்டும். கொடுத்த கையே கழுத்தையும் பிடித்தது.

வேலைக்காரனின் மனசு கிடைக்க வேண்டும் என்பதற்காக அவனிடம் அன்பு காட்டினால், அது அன்பா, தூண்டிலா? மீன்காரனும் மீனுக்கு இரை கொடுக்கத்தானே செய்கிறான். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. புரொடக்ஷன் ஏறாவிட்டாலும் நான் அவனை வாழ்த்துவேனா? போவாஸ் சிந்தவிட்ட கதிர் அவருக்கு நஷ்டம். ரூத் அவருடைய கூலியாள்கூட அல்ல. அவளால் அன்றைக்கு அவருக்கு ஒரு படி வாற்கோதுமையும் அதிகம் வரவில்லை. அப்படியிருந்தும் செய்தார். லாபம் வந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், வராவிட்டாலும் ஸ்தோத்திரம். நம் ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவினார். அதில் யூதாசின் கால்களும் இருந்தன. அந்தக் காலினால் அவருக்கு என்ன லாபம்?

"தலைமேல ஏறிருவாங்க பாஸ்டர்!"

இதை எழுதும்போதே சில சகோதரர் சொல்லுவது எனக்குக் கேட்கிறது. "நீங்க சொல்றது சர்ச்சுக்குச் சரி பாஸ்டர். கம்பெனியில கொஞ்சம் எடம் குடுத்தா தலைமேல ஏறிருவாங்க." ரெகொபெயாமின் கூட்டாளிகளும் இதைத்தான் சொன்னார்கள். ஜனத்தின் பாரத்தைக் குறைத்து, இன்று அவர்களுக்கு ஊழியனாயிரும், அவர்கள் என்றைக்கும் உம்மோடு இருப்பார்கள் என்றார்கள் முதியோர். வாலிபர் பேச்சைக் கேட்டு ராஜா மிரட்டினான். ஒரே நாளில் பத்துக் கோத்திரம் கைவிட்டுப் போயிற்று (1 இராஜாக்கள் 12). மிரட்டல் ஆளைத் தக்கவைக்கும் என்றால் அந்த ராஜ்யம் உடைந்திருக்கக் கூடாதே!

மிரட்டாமல் இருப்பது வேறு, கண்டிக்காமல் இருப்பது வேறு. சோம்பேறியைத் தனியே கூப்பிட்டு, தப்பை நேராகச் சொல்லுங்கள். திருத்தச் சமயம் கொடுங்கள். திருந்தாவிட்டால் ரூல்படி செய்யுங்கள். அதில் பாவம் இல்லை. நெகேமியாவும் பிரபுக்களைக் கடிந்துகொண்டார். ஆனால் அந்த நெகேமியா அதிபதிக்குரிய படியை 12 வருஷம் வாங்காதவர், காவல் வேலையில் உடுத்த துணியைக் கழற்றாமல் ஜனத்தோடு நின்றவர். அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள மதிலை அவரவரிடம் கொடுத்தார். கட்டினவர்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். 52 நாளில் அலங்கம் முடிந்தது. தானும் சுமக்கிறவன் கடிந்துகொண்டால் காயம் ஆறும். சுமத்துகிறவன் மட்டும் கடிந்துகொண்டால் சீழ் பிடிக்கும்.

"எனக்கு மேல உள்ளவங்க என்னை நெருக்குறாங்களே?" உண்மைதான், நானும் அந்த இடத்தில்தான் இருக்கிறேன். யாத்திராகமம் 5-ல் பார்வோன் வைக்கோல் கொடுக்காமல் அதே கணக்குச் செங்கல் கேட்டான். நடுவில் இருந்த இஸ்ரவேல் தலைவர்கள்மேல்தான் அடி விழுந்தது. அவர்கள் வாங்கின அடியை ஜனத்தின்மேல் இறக்கினதாக அங்கே எழுதியில்லை. ராஜாவிடமே போய் முறையிட்டார்கள். நடுவில் நிற்கிறவனின் ஊழியம் அதுதான். மேலிருந்து வருகிற அடியை வாங்கிக் கீழே அனுப்புவதற்கு ஒரு குழாய் போதும், மனுஷன் எதற்கு?

பிறகு நடந்தது

அந்த ஞாயிறு ஆராதனையில் நான் அனனியாவைப் பற்றிப் பேசவில்லை. வேறு பகுதியை வாசித்து முடித்துவிட்டேன். ஏன் என்று அன்று உங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், "சார், அந்தப் பொண்ணு சொல்லாம போனதுக்குக் காரணம் நான்தான்" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். ஆனால் அவளைத் திரும்ப எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை.

ஹாஸ்டலில் விசாரித்தேன், ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். நம்பர் வாங்கிப் போன் பண்ணினேன். அவளுடைய தாயார் எடுத்தார்கள். நான் அவள் லைன் சூப்பர்வைசர் என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தத் தாய் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஐயா, எம்மக அங்க எதையும் எடுத்துட்டு வந்துட்டாளா? என்ன கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்குறாளே."

"இல்லம்மா, உங்க மக எதையும் எடுக்கல. தப்பு என்னுது" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் பிள்ளையோடு நேரில் பேச எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டாயிற்று என்று நிம்மதியாகச் சாட்சி சொல்ல முடியாத ஒரு கணக்கு இது. தேவன் அறிவார்.

மறுநாள் காலை லைனில் எல்லார் முன்பாகவும் சொன்னேன்: "திட்டினதும் எல்லார் முன்னாடி, மன்னிப்பு கேக்குறதும் எல்லார் முன்னாடி. இனிமே ஊசி உடைஞ்சா தைரியமா கொண்டாங்க." யாரும் உடனே நம்பவில்லை. நம்ப மாதங்கள் ஆயிற்று. பிறகு ஒரு விநோதம் நடந்தது. ரிஜிஸ்டரில் ஊசி உடைந்த கணக்கு முன்னைவிடக் கூடிற்று! "என்ன, உங்க லைன்ல மட்டும் இவ்வளவு ஊசி உடையுது?" என்று மேனேஜர் கேட்டார். உடைவது கூடவில்லை சார், சொல்லுவதுதான் கூடியிருக்கிறது என்றேன். எந்த மிஷினில் அதிகம் என்று பார்த்தபோது இரண்டு மிஷின்தான் திரும்பத் திரும்ப வந்தது. மெக்கானிக் வந்து சரிசெய்தார். அந்தத் தங்கச்சி ஓட்டினது அதில் ஒன்று. நான் 'ஊசி உடைக்கிறவள்' என்று திட்டினேன். உடைத்தது மிஷின்! பயம் இருந்தவரைக்கும் அந்த உண்மை எனக்கு மறைவாகவே இருந்தது.

உங்கள் கேள்வி

பிரியமானவர்களே, இது கம்பெனிக்காரருக்கு மட்டும் சொன்னது அல்ல. தகப்பன்மாரே, உங்கள் பிள்ளை மார்க் அட்டையை ஒளித்தால், அடிக்கும் முன் உங்கள் முகத்தைக் கண்ணாடியில் பாருங்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிற சகோதரிகளே, உடைந்த தட்டை அந்த அம்மா குப்பையில் மறைத்தால், யாருக்குப் பயந்து மறைத்தாள் என்று கேளுங்கள். ஊழியக்காரனாகிய நானும், சபையில் யாராவது என்னிடம் "பாஸ்டர், நீங்க செஞ்சது சரியில்ல" என்று சொல்ல முடிகிறதா என்று என்னைச் சோதித்துக்கொள்ளுகிறேன். வேலை செய்கிறவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எஜமான் எப்படி இருந்தாலும் நீங்கள் வேலை செய்கிறது கர்த்தருக்கே. பயத்தில் ஒளிக்காதேயுங்கள். மனுஷன் திட்டினாலும் உண்மையைச் சொன்னவனைத் தேவன் கைவிடமாட்டார்.

எழுப்புதல் வேண்டும் என்று உபவாசித்து ஜெபிக்கிறோம். அந்நியபாஷை பேசுகிறோம், தீர்க்கதரிசனம் கேட்கிறோம். எல்லாம் வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அக்கினி இறங்கின அதே நாவுதான் திங்கட்கிழமை லைனிலும் பேசுகிறது. எழுப்புதல் வந்ததா என்று சபையில் கேட்டால் எல்லாரும் கையுயர்த்துவோம். உங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஒருவரிடம் போய்க் கேட்டால் அவர் என்ன சொல்லுவார்?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கைக்குக் கீழே நீர் வைத்த ஒவ்வொருவரையும் உம்முடைய பிள்ளையாகப் பார்க்கும் கண்களைத் தாரும். எங்கள் வாயினால் காயப்பட்டு, எங்களைவிட்டுத் தூரம் போனவர்களை நீரே தேடி ஆற்றும். எங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து உண்மையை ஒளித்தவர்கள், இனி எங்களிடம் தைரியமாய் வரும்படி எங்களை மாற்றும். சீஷருடைய கால்களைக் கழுவின இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

மாரநாதா!

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஊழிய சகோதரன்